நடப்பதற்கு பஸ் ஏறிய அம்மா

கீரை வேகிற பச்சை வாசனை மூக்கில் பட்டால் மற்றவர்களுக்குப் பசிக்குமோ என்னவோ, எனக்கு அம்மாவின் சர்க்கரைதான் நினைவுக்கு வரும். தொண்ணூறுகளின் நடுவில், மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் நாங்கள் குடியிருந்தபோது, ஒரு தை மாதம் முழுக்க எங்கள் வீட்டில் நாள் தவறாமல் கீரை வெந்தது. கூடவே வாழைத்தண்டு, புடலங்காய், யாரும் சீந்தாத கொத்தவரங்காய். அத்தனையும் அம்மா "வாக்கிங்" போனதன் பலன்.

அம்மாவுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. ராயப்பேட்டையில் நாங்கள் வழக்கமாகப் போகும் டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, மூன்று மாதம் தவணை கொடுத்தார். "தினம் அரை மணி நேரம் நடங்கம்மா. குறையலேன்னா மாத்திரை கேக்காது, ஊசிதான்" என்றார். பெரியம்மா தினமும் தனக்குத் தானே ஊசி குத்திக்கொள்வதைப் பார்த்துப் பயந்திருந்த அம்மா, அன்று வீடு வந்து சேரும் வரை அந்தச் சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக வந்தாள்.

நடப்பது என்ன பெரிய வித்தையா என்று இப்போது தோன்றும். ஆனால் அன்றைக்கு எங்கள் தெருவில் கல்யாணமான ஒரு பெண் கோயிலுக்கு நடக்கலாம், ரேஷன் கடைக்கு நடக்கலாம். காரணமில்லாமல் கையை வீசிக்கொண்டு நடந்தால் வீட்டில் சண்டை என்று அர்த்தம். அதனால் அம்மா ஒயர்கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எதிர்வீட்டு பத்மா மாமி கேட் அருகே நின்றபடி, "எங்க, கடைக்கா?" என்று தொடங்கி வைப்பாள். அவளுக்குப் பதில் சொல்லிவிட்டு நகர்ந்தால் அடுத்து பால்பூத்துக்காரி. முனையில் பூக்காரம்மா, "இன்னாக்கா, காலீலயும் போன, இப்பவும் போய்க்கினு கீற, வூட்ல எதுனா விசேஷமா?" என்பாள். இத்தனை பேர் பார்க்க வெறுங்கூடையோடு திரும்ப முடியுமா? ஒரு கட்டு கீரையாவது வாங்கியே ஆகவேண்டும்.

மாத முடிவில் சர்க்கரை இம்மியும் இறங்கவில்லை. டாக்டர் கதையைக் கேட்டுச் சிரித்தார். "நின்னு நின்னு போறது கடைக்குப் போறதும்மா, உடற்பயிற்சி இல்ல. முதல்ல மெதுவா ஆரம்பிங்க, அப்புறம் வேகம். பேச்சு வரணும், பாட்டு வரக்கூடாது, அந்த வேகம். முடிக்கும்போது திரும்ப மெதுவா. ஷூ போடுங்க. ஞாயித்துக்கிழமை ஓய்வு. மத்த நாள்ல மட்டும் லீவு கிடையாது" என்றார். திட்டம் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அதை நிறைவேற்றத் தெருதான் இல்லை.

இரண்டு நாள் யோசித்து அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். பாண்டி பஜாரில் வெள்ளை கான்வாஸ் ஷூ வாங்கி, அதைக் கூடைக்குள் துண்டு போட்டு மூடி, பள்ளிவிட்டு வந்த என்னையும் இழுத்துக்கொண்டு அடையாறுக்கு பஸ் ஏறினாள். பாலத்தைத் தாண்டியதும் இறங்கி, காந்தி நகரில் யாரோ ஒருவர் வீட்டுக் குட்டைக் காம்பவுண்டுச் சுவரில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி ஷூவை மாட்டிக்கொள்வாள். மரங்கள் கவிந்த, ஆளரவமில்லாத அந்தத் தெருக்களில் எங்களைத் தெரிந்தவர் ஒருவருமில்லை. கூடையை என் தலையில் கட்டிவிட்டு, கொசுவத்தைச் சற்றே தூக்கிச் செருகி, அம்மா கையை வீசி நடப்பாள். அப்படி ஒரு வேகம் அவளிடம் இருந்ததே எனக்கு அதுவரை தெரியாது. எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பாவுக்கோ தாங்கவில்லை: "நடக்க முடியாதவன் பஸ்ல போவான். நடக்கறதுக்காக பஸ்ல போறவ உங்கம்மா ஒருத்திதான்."

இப்படியே சில வாரங்கள் ஓடின. ஒரு மாலை, நாங்கள் ஒரு தெருமுனையில் திரும்ப, எதிர்ப்பக்கமிருந்து விறுவிறுவென்று வந்த ஒரு உருவம் எங்கள் மேல் மோதாத குறையாக நின்றது. பத்மா மாமி!

"இங்க... தெரிஞ்சவா ஆத்துக்கு வந்தேன்" என்றாள் மாமி, மூச்சு வாங்க.

"நானும் ஒரு கல்யாண விஷயமா..." என்று அம்மா இழுத்தாள்.

அம்மாவின் பார்வை மாமியின் காலுக்குப் போனது. மாமியின் பார்வை அம்மாவின் காலுக்கு வந்தது. பட்டுக்கரைப் புடவைக்குக் கீழே மாமி தன் பிள்ளையின் பள்ளிக்கூட ஷூவை மாட்டியிருந்தாள். முதலில் உடைந்தது மாமிதான். "பிரஷர்டி சாந்தா. நடக்கலேன்னா படுத்த படுக்கையாயிடுவேன்னு டாக்டர் சொல்லிட்டார். நம்ம தெருவுல நடந்தா, எங்க போறேன்னு பிராணனை வாங்கிடுவாளேன்னுதான்..."

தினமும் கேட்டவள் வாயிலிருந்தே இது வந்ததும் அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாமியும் சிரித்தாள். இரண்டு பேரும் பக்கத்திலிருந்த காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

மறுநாளிலிருந்து எங்கள் தெருவிலேயே நடந்தார்கள். கேள்வி கேட்பவளே கூட நடந்தால் கேட்பதற்கு யார் மிச்சம்? பூக்காரம்மா கேட்டபோதும் மாமி நிற்காமல், "நடக்கறோம்டி, நடக்கறோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சித்திரை பிறப்பதற்குள் பால்பூத்துக்காரியும் சேர்ந்துகொண்டாள். தவணை முடிந்து போன அன்று, ஊசி வேண்டாம் என்றார் டாக்டர். அம்மா வெளியே வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வை இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

அந்தச் சந்து இப்போது அடுக்குமாடிகளாகிவிட்டது. நடைபாதையில் கார்கள் நிற்கின்றன. மாமி காலமாகி வருடங்கள் ஆகின்றன. காந்தி நகரில் உட்கார்ந்து ஷூ மாற்றிக்கொள்ள அப்படியொரு குட்டைச் சுவரை இன்று தேடினாலும் கிடைக்காது. அம்மாவுக்கு எழுபது ஆகப்போகிறது. இன்றுவரை ஊசி இல்லை.

போன மாதம் என் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த டாக்டர், "உங்களுக்கும் எல்லைக்கோட்டுல நிக்குது" என்றார். நேரம் கிடைத்தால் தொடங்குகிறேன் என்று நான் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வெளியே வந்ததும் நான் ஆட்டோவுக்குக் கை காட்டினேன். ஆட்டோ நின்றது. அம்மா அதைத் தாண்டி, திரும்பிப் பாராமல் வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கினாள். ஆட்டோக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவளை எட்டிப் பிடிக்க நான் ஓடவேண்டியிருந்தது.