படகு இல்லாத காட்சி

மார்ச் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை. வழக்கம்போல் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, பேப்பர் படித்துவிட்டு, பக்கத்து வீட்டு ஜெசிந்தாவுடன் கடற்கரைக்குப் போனேன். பேர்பெற்ற சினிமா இயக்குநர் ஒருவர் கூட்டக் காட்சிக்கு உள்ளூர்க்காரர்களைக் கேட்டிருந்தார்.

ஜெசிந்தாவின் கணவர் சங்கு குளிக்கப் போய்த் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. இறந்தவருக்கான பூசை வைக்க அவள் சம்மதிக்கவே இல்லை. அவளிடம் பேசிப் பார்க்கும்படி அவள் கொழுந்தன் என்னைக் கேட்டிருந்தான்.

இயக்குநர் கேமராவைக் கடலைப் பார்த்து வைக்கவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்து வைத்தார். "படகு எதுவும் வராது. வர்றதா நெனச்சுப் பாத்துக்கிட்டிருங்க. யாரும் நடிக்க வேண்டாம்" என்றார். படத்தில் படகையே காட்டப் போவதில்லையாம். எங்கள் முகத்தில் அது தெரிய வேண்டுமாம்.

"வராத படகுக்கு இம்புட்டுக் கூட்டமாக்கும்!" என்று ஜெசிந்தா சிரித்தாள்.

கேமரா ஓடியது. சிறிது நேரத்தில் அவள் கையை உயர்த்தி ஆட்டினாள். "அந்தா வாராவ" என்றாள்.

இயக்குநர் நிறுத்தச் சொல்லவில்லை. அவள் கை தானாக இறங்கும்வரை காத்திருந்தார். பிறகு எங்களை அழைத்து மானிட்டரில் போட்டுக் காட்டினார். அவளுக்குப் பக்கத்தில் என் முகம். தெரிந்த ஒருவரைக் கடலில் கண்டுவிட்டதுபோல் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"நீங்களும் பாத்தீயள்லா, அண்ணாச்சி?"

அங்கே வெறும் தண்ணீர்தான் இருந்தது என்று இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாக அவள் கொழுந்தனுக்குப் போன் செய்தேன். "அவகிட்ட பூசைப் பேச்ச என்னால எடுக்க முடியாதுடே. வேற ஆளப் பாரு" என்றேன்.