இனிக்கத் தொடங்கிய அடிபம்பு

கடலூர் பழைய துறைமுகத்துப் பக்கம் எந்த அடிபம்பில் அடித்தாலும் தண்ணீர் உப்புக் கரிக்கும். எங்கள் ஆய்வகத்தில் கண்ணாடிக் குப்பிகளைக் கழுவும் அக்கா ஒருநாள் வந்து, தன் வீட்டுத் தண்ணீர் இப்போது இனிக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னார். எத்தனை நாளாக என்று கேட்டேன். அவர் வீடு எங்கள் பின்சுவரை ஒட்டித்தான் இருந்தது.

எங்களுடையது தண்ணீர் பரிசோதிக்கும் சின்னத் தனியார் ஆய்வகம். சோப்புக் கழிவு, ஃபீனால் என்று எதைத் தேடினாலும் முதலில் செய்வது ஒன்றுதான். அரை லிட்டர் தண்ணீரைப் பெரிய புனலில் ஊற்றி, குளோரோஃபார்ம் சேர்த்துக் கை வலிக்கக் குலுக்க வேண்டும். தண்ணீரில் இருக்கும் அழுக்கு குளோரோஃபார்மில் இறங்கும். அளந்து முடித்ததும் அது சிங்க்கில் போகும், சிங்க்குத் தண்ணீர் பின்சுவர் ஓரத்துக் குழியில் இறங்கி மண்ணில் ஊறும். நான்கு வருஷம் நான்தான் ஊற்றினேன். தண்ணீர் கெட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்காகத் தண்ணீரைக் கெடுத்துக்கொண்டிருந்தேன், அதற்குப் பெயர் வேலை! குளோரோஃபார்ம் இனிக்கும் என்று பாடப் புத்தகத்திலேயே படித்தவள் நான்.

முதலாளி நல்ல மனிதர்போல அக்காவின் தண்ணீரை இலவசமாகவே பரிசோதிக்கச் சொன்னார். அதே புனல், அதே குளோரோஃபார்ம். சோப்பும் இல்லை, ஃபீனாலும் இல்லை என்று வந்தது. தாராளமாகக் குடிக்கலாம் என்று சொல்லிவிட்டார். அக்கா வீட்டில் நான்கு பேர். நான்கு பேரும் அதைத்தான் குடித்தார்கள்.

எனக்கு ஆறவில்லை. சிதம்பரத்தில் எம்.எஸ்சி. படித்தபோது தபால்தலை அளவில் ஒரு சில்லு செய்யப் பழகியிருந்தேன். கண்ணாடிபோலத் தெளிந்த ரப்பர். உள்ளே முடி கனத்தில் இரண்டு வாய்க்கால். நடுவே மெல்லிய சவ்வு. ஒன்றில் சில சொட்டுத் தண்ணீர், மற்றதில் ஒரு சொட்டு மருந்து. தண்ணீரில் குளோரோஃபார்ம் இருந்தால் சவ்வைத் தாண்டிப் போய், சூடு காட்டியதும் மருந்தைச் சிவக்க வைக்கும். புனலும் வேண்டாம், குலுக்கவும் வேண்டாம். வேலைக்கு வந்தபிறகும் சிதம்பரத்தில்தான் குடியிருந்தேன். மேல வீதிப் பக்கம் அந்த வீட்டின் மாடியில், வடகத்துக்குப் பக்கத்தில் மூடிபோட்டு இரண்டு நாள் வைத்து அப்படி ஒரு சில்லை இறுக வைத்தேன். இதென்ன கண்ணாடி வடகமா என்று கணவர் கிண்டல் செய்தார். மூன்றாம் நாள் கைப்பையில் போட்டுக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன்.

அக்காவின் தண்ணீரில் அது சிவந்தது. ஆய்வகத்துக் குழாய்த் தண்ணீரில் சிவக்கவே இல்லை. மூன்று முறை செய்து பார்த்தேன். என் மேலேயே எனக்குக் காறித் துப்பலாம்போல இருந்தது.

முதலாளியிடம் காட்டினேன். விளையாட்டுச் சாமானை நம்பாதே, பழைய முறைப்படி செய்து நிரூபி என்றார். செய்கிறேன் என்று அவர் கண்முன்னாலேயே புனலில் அக்காவின் தண்ணீரை ஊற்றி, மேலே குளோரோஃபார்மையும் ஊற்றினேன்.

"இதுல எந்த குளோரோஃபார்ம் பாட்டில்லேர்ந்து வந்தது, எது பம்புலேர்ந்து வந்தது? நீங்களே பிரிச்சுக் காட்டுங்க சார்."

அவர் சட்டைப்பையில் கார் சாவியைத் தேடினார். பிறகு பேசலாம் என்று காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகாவது, பேசலாமாவது! அக்கா வீட்டில் அன்றைக்கும் அந்தத் தண்ணீரில்தானே சோறு பொங்க வேண்டும்.

அக்காவைக் கூப்பிட்டு அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள் என்றேன். ஏன் என்றார். சொன்னேன்.

"நான்தாங்க்கா சிங்க்குல ஊத்துனேன். அதான் உங்க பம்புல வருது."

அவர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"நீ ஊத்துன பாட்டிலை எல்லாம் கழுவி ஊத்துனது நான்தானம்மா."

இரண்டு பேரும் அழுதோம். பிறகு நான் கடைக்குப் போய் வெள்ளை சிமெண்ட் வாங்கி வந்தேன். அக்கா குழைத்தார். சிங்க்கின் ஓட்டையை இருவருமாக அடைத்தோம். கழிவு ஊற்ற மூடி போட்ட கேன் ஒன்றைப் பக்கத்தில் வைத்தோம்.

மறுநாள் காலை முதலாளி வந்து பார்த்துவிட்டுக் குதித்தார். யாரைக் கேட்டுச் செய்தீர்கள் என்றார், இரண்டு பேருமே வேலைக்கு வர வேண்டாம் என்றார். அப்புறம் அடைத்த சிமெண்டை உடைக்க அக்காவிடம் உளியும் சுத்தியும் எடுத்து வரச் சொன்னார். அக்கா சிங்க்கின் முன்னால் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. நானும் போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன்.