மகாவீரன் வண்டியில் என்ன ஆயில்

கலியனுக்குக் காது ரொம்பக் கூர்மை. புடவையில் பூ வேலை விழவைக்கிற ஜக்கார்டு பெட்டியைத் தறி மேல் ஏற்றி மாட்டுவதும், மாட்டினது மக்கர் பண்ணினால் போய்ச் சரிபண்ணுவதும் அவன் தொழில். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போதே, உள்ளே ஓடுகிற தறியின் சத்தத்தை வைத்து எந்தப் பக்கம் கோளாறு என்று சொல்லிவிடுவான். நாற்பத்தொன்பது வயது வரைக்கும் அந்தக் காதுதான் அவனுக்குச் சோறு போட்டது. மூன்று வருஷமாக அவன் நிம்மதியைக் கெடுத்ததும் அதே காதுதான்.

காரணம், மகாவீரனின் புல்லட்.

மகாவீரன் வாலாஜாபாத் பக்கத்துக் கிராமத்தில் நெல் வியாபாரம் பண்ணுகிற சமண நயினார் வீட்டுப் பிள்ளை. கலியனும் அவனும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இருவரும் வேலூருக்குப் போய், ஒரே ஏலத்தில் ஆளுக்கொரு பழைய புல்லட் எடுத்தார்கள். இரண்டும் எழுபத்தொன்றாம் வருஷத்து வண்டி. ஒன்று கறுப்பு, ஒன்று பச்சை. "நீ மொதல்ல எடுத்துக்கபா" என்றான் மகாவீரன். கலியன் இரண்டையும் உதைத்து ஓடவிட்டு, காதைக் கொடுத்துக் கேட்டு, கறுப்பை எடுத்தான். ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான், நல்லதை நான்தான் பொறுக்கினேன் என்று.

ரொம்ப வருஷம் அது உண்மையாகவும் இருந்தது. அப்புறம் எப்படியோ பச்சையின் சத்தம் மாறிவிட்டது. கனமாக, நிதானமாக, ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் மூச்சுவிட இடம் கொடுத்து ஓட ஆரம்பித்தது. கறுப்போ மேலே கலகலவென்று ஏதோ உதறிக்கொண்டே ஓடியது.

மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஏழெட்டுப் பேர் பெருமாள் கோயில் பக்கத்தில் கூடி, பாலாறு தாண்டிப் போய் டீ குடித்துவிட்டுத் திரும்புவார்கள். ஒரு ஞாயிறு, பட்டுப்புடவை வாங்கச் சென்னையிலிருந்து வந்த ஒரு தம்பதி நின்று பார்த்தார்கள். அந்தப் பெண் போனை எடுத்து, "சார், உங்க வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்களேன், சவுண்ட் ரெக்கார்ட் பண்ணிக்கிறேன்" என்று மகாவீரனிடம் கேட்டாள். ஓரமாக நின்ற கலியனைப் பார்த்து, "நீங்க உங்க வண்டிய கொஞ்சம் ஆஃப் பண்றீங்களா? இதோட சத்தம் கலக்குது" என்றாள்.

கலியன் ஆஃப் பண்ணினான். அன்றைக்கு டீக்கடையில் கறுப்பைப் பச்சைக்குப் பக்கத்தில் விடாமல் தள்ளி நிறுத்தினான்.

திரும்பும்போது சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டான். "என்ன ஆயில் போடற வீரா?"

"எப்பவும் போடறதுதான்பா" என்று சொல்லிவிட்டு மகாவீரன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

அந்தப் பதிலைக் கலியன் ஒரு மாதம் மென்றுகொண்டிருந்தான். மனைவி ஜோதிகா சாப்பாடு போடும்போதும் அதே பேச்சு. "வேற ஏதோ ஊத்துறான். சொல்ல மாட்டேங்கறான்."

"மறுபடி கேளுங்க. சொல்லுவாரு" என்றாள் ஜோதிகா.

"அவன்கிட்ட ரெண்டாவது வாட்டி நான் ஏன் கேக்கணும்?"

ஐயம்பேட்டையில் ஒரு தறி வேலைக்குப் போன நாளில், அப்படியே வண்டியை மகாவீரன் கிராமத்துக்கு விட்டான். மகாவீரன் நெல் பார்க்க வெளியே போயிருந்தான். அவன் மனைவி சாந்திமதி மோர் கொண்டுவர உள்ளே போனாள். கலியன் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தான். பச்சை வண்டிக்குப் பின்னால், கோணிக்கு அடியில், ஒரு மஞ்சள் கேன். அவன் இதுவரை வாங்காத ஆயில். போனில் படம் எடுத்துக்கொண்டான். சாந்திமதி கொடுத்த மோரைக் குடித்ததும், "சும்மாதான் வந்தேன்மா" என்று கிளம்பிவிட்டான். திருட்டு என்று அவனுக்கு அப்போது தோன்றவில்லை. இத்தனை நாள் தன்னை ஏமாற்றியவனைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரிதான் இருந்தது.

அங்கிருந்து நேராக, வண்டி ரிப்பேரும் தெரிந்த அருளின் ஆயில் கடைக்குப் போனான். அருள் படத்தைப் பார்த்தான். உடனே எடுத்துக் கொடுக்கவில்லை.

"நல்ல ஆயில்தான்ண்ணா. இன்ஜின் எப்ப தொறந்தீங்க?"

"போன வருஷம்" என்றான் கலியன். திறந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

"இதுவரைக்கும் இதேதான் ஊத்திக்கினு இருக்கீங்களா? ஏன் கேக்கறேன்னா, பழைய நாப்பதாம் நம்பர் ஆயிலு ஊத்தி ஓட்டுன வண்டின்னா அடியில கசடு தங்கியிருக்கும். இதுல அழுக்கைக் கழட்டற மருந்து இருக்குது. சுத்தமான இன்ஜினுக்கு நல்லது. கசடு உள்ள இன்ஜினுக்கு ஆவாது."

கலியன் இருபத்திரண்டு வருஷமாக ஊற்றியது அந்த நாற்பதாம் நம்பர்தான். அதைச் சொன்னால் அருள் கேனை உள்ளே வைத்துவிடுவான். "இதேதான்பா, எடு" என்றான்.

ஊற்றின முதல் பத்து நாள் சொர்க்கம். கலகலப்பு குறைந்தது. சந்நிதித் தெருவில் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினான். "கேளு" என்று ஜோதிகாவை வாசலுக்குக் கூப்பிட்டு நிற்கவைத்தான். அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை, நல்லாருக்குது என்று சொல்லிவைத்தாள்.

அடுத்த மாத முதல் ஞாயிறு பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போது, இன்ஜினுக்கு அடியிலிருந்து ஒரு சின்னத் தட்டல் கேட்டது. டக். கொஞ்ச தூரம் கழித்து மறுபடி டக். வேறு யார் காதிலும் விழுந்திருக்காது. கலியன் காதில் விழுந்தது. நிறுத்த வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் முன்னால் மகாவீரன் போய்க்கொண்டிருந்தான். பச்சையின் சத்தம் காற்றில் வந்து அவன்மேல் மோதிக்கொண்டிருந்தது. கலியன் ஆக்சிலேட்டரை முறுக்கினான். பாலத்தின் நடுவில் மகாவீரனைத் தாண்டினான். தாண்டியதும் உள்ளே ஏதோ நொறுங்குகிற சத்தம். பின்சக்கரம் இறுகி வழுக்கியது. கிளட்ச்சைப் பிடித்து எப்படியோ விழாமல் கைப்பிடிச் சுவர் ஓரம் நிறுத்தினான்.

மகாவீரன் வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். மற்றவர்களை அனுப்பிவிட்டு, நெல் ஏற்றுகிற தன் டெம்போவை வரவழைத்து, கறுப்பை ஏற்றி, தன் ஷெட்டுக்கே கொண்டுபோனான்.

மறுநாள் அருளையும் கூப்பிட்டு மூன்று பேருமாக இன்ஜினைத் திறந்தார்கள். அடியில் கிடந்த பழைய கசடெல்லாம் கழன்று, ஆயில் மேலே போகிற சந்தில் தார் மாதிரி அடைத்திருந்தது. கனெக்டிங் ராடு ஆயில் கிடைக்காமல் சூடேறி நீலம் பாரித்துக் கிடந்தது.

"இதேதான் ஊத்தறேன்னு சொன்னீங்களேண்ணா" என்றான் அருள்.

கலியன் சிதறிக் கிடந்த போல்ட்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தான். அருள் கசடு படிந்த கிண்ணத்தைக் கழுவ வெளியே எடுத்துப் போனான்.

மகாவீரன் கையைத் துடைத்துக்கொண்டே பேச ஆரம்பித்தான். "மூணு வருஷம் முன்ன என் இன்ஜினை மொத்தமா எறக்கி, கழுவி, புதுசா மாட்டினேன். அப்பறந்தான் ஆயில மாத்தினேன். ஆயில் மட்டும் இல்லபா, எல்லாஞ் சேந்துதான் அந்தச் சத்தம். நீ கேட்டப்ப சொல்லியிருக்கணும். சொல்லல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா உன் வண்டியும் அப்படி ஆயிடும். பத்தொம்பது வருஷம் உன் வண்டிதான் நல்ல வண்டி. எல்லாரும் அதையேதான் பாத்தாங்க. நான் மூணு வருஷந்தான் அனுபவிச்சேன்."

கலியனுக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. தனக்குள் இத்தனை நாள் ஊறினது அவனுக்குள்ளும் ஊறியிருக்கிறது என்பதில் ஒரு ஆறுதல் இருந்தது. அடுத்த நிமிஷமே வேறொன்று குத்தியது. இவன் வாய்விட்டுச் சொல்லிவிட்டான், என்னால் முடியவில்லை. அதிலும் இவன் முந்திக்கொண்டான்.

வண்டி தயாராக நாலு மாதம் ஆனது. ராடு, பேரிங் எல்லாம் புதுசு. அருள் சொன்னபடி முதல் ஐநூறு கிலோமீட்டருக்குச் சாதாரண மினரல் ஆயில், அதை வடித்துவிட்டு இருபது-ஐம்பது நம்பர் ஆயில். இந்தத் தடவை அருள் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் கலியன் உள்ளதை உள்ளபடி சொன்னான்.

தையில் ஒரு ஞாயிறு, பாலாற்றுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் இருவரும் தனியாக உட்கார்ந்திருந்தபோது, "உன் ஷெட்ல பூந்து அந்தக் கேனை போட்டோ எடுத்தேன் வீரா" என்றான் கலியன்.

"தெரியும். சாந்திமதி மோர் எடுத்துக்கினு வந்தப்ப பாத்திருக்கா. அன்னிக்கே சொன்னா."

"அப்பவாவது சொல்லியிருக்கலாமே, கசடு இருந்தா ஊத்தாதன்னு?"

மகாவீரன் ஆற்றுப் பக்கம் பார்த்தான். "போன் எடுத்தேன்பா. நம்பரைக்கூடத் தட்டினேன். அப்பறம் வெச்சிட்டேன்."

கலியன் எழுந்து போகவில்லை. இன்னொரு டீ சொன்னான், இருவருக்கும். இப்போதும் அவர்கள் ஒன்றாகத்தான் போகிறார்கள். சிக்னலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போது கலியன் கழுத்தைத் திருப்பாமல் பச்சையின் சத்தத்தைக் கேட்கிறான். கறுப்பு நன்றாகத்தான் ஓடுகிறது. பச்சை இன்னும் ஒரு படி மேலே.