பெட்டி நகரவில்லை

கள்ளக்குறிச்சியில் காது டாக்டர் எனக்கு முதல் சீட்டு எழுதிக் கொடுத்தபோது, நான் கிராம சுகாதார செவிலியராகிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. கல்வராயன் மலையில் ஒரு துணை சுகாதார நிலையம் என் பொறுப்பு; வீடு மலைக்குக் கீழே. இடது காதுக்குள் வண்டு இரைகிற மாதிரி சத்தம் வரும், காது அடைத்துக்கொள்ளும், பிறகு சுவரும் தரையும் சுற்ற ஆரம்பிக்கும். கண்ணை மூடிக்கொண்டு மணிக்கணக்கில் கிடப்பேன். வாந்தி எடுப்பேன். உள்காதில் நீர் அழுத்தம் கூடிவிடுகிறது என்றார் டாக்டர். மூன்று வேளையும் சாப்பிட்டபின் மாத்திரை. உப்பு குறைக்க வேண்டும், காபி வேண்டாம்.

"சுத்தல் கட்டுக்குள்ள வர்ற வரைக்கும் வண்டி ஓட்டாதீங்க. நல்லாயிட்ட மாதிரி இருந்தாலும் என்னைக் கேக்காம மாத்திரைய நிறுத்தாதீங்க."

தலையாட்டினேன். ஊருக்கெல்லாம் இதையே சொல்கிறவள் நான்.

வேலையில் யாரிடமும் சொல்லவில்லை. மலையில் குக்கிராமங்களுக்கு நடுவே என் ஸ்கூட்டி இல்லாமல் வேலை ஓடாது. "நர்ஸுக்கே தலை சுத்துதாம்" என்று பேச்சு கிளம்பினால் ஊசி போட யார் குழந்தையை என் மடியில் கொடுப்பார்கள் என்ற பயம் வேறு. கணவரிடம் பித்தம் என்றேன். வண்டியையும் விடவில்லை.

முதலில் தவறியது மதிய மாத்திரைதான். மேலே போனால் சாப்பாடு நேரத்துக்கு அமையாது. வெறும் வயிற்றில் போடக் கூடாதே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பிறகு ராத்திரி மாத்திரை போனது. நான்கு மாதம் ஒரு சுற்றலும் வராததால் காலை மாத்திரையையும் விட்டுவிட்டேன்.

மலைக் கிராமங்களில் எனக்குத் துணையாக வருகிற அக்கா ஒருவர் உண்டு. அந்த மலையிலேயே பிறந்தவர். எந்த வீட்டில் யாருக்கு எத்தனை மாதம், யார் ஊசிக்குப் பயந்து காட்டுப் பக்கம் போய்விடுவார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஆனாலும் என்னை "அம்மா" என்றுதான் கூப்பிடுவார்.

அன்று புதன்கிழமை, தடுப்பூசி நாள். காலையில் எழுந்தபோதே இடது காது அடைத்திருந்தது. தினமும் மலை ஏறி இறங்கினால் யாருக்கும் அடைப்பதுதானே என்று கிளம்பிவிட்டேன். மதியம்வரை ஒன்றுமில்லை. வேலை முடிந்து திரும்பும்போது அக்கா பின்னால் உட்கார்ந்து, தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்துப் பிடித்திருந்தார். இறக்கத்தில் ஒரு வளைவு. காதுக்குள் வண்டு இரைந்தது. பிரேக்கைப் பிடித்தேனா இல்லையா தெரியாது. சாலை அப்படியே எழும்பி என் பக்கமாகப் புரண்டது.

மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வந்த வண்டிக்காரர்கள்தான் ஓடி வந்தார்கள். எனக்கு முழங்காலில் சிராய்ப்பு மட்டும். அக்கா பெட்டியை விடாமல் பிடித்திருந்ததால் வலது கை அதன் அடியில் மாட்டிக்கொண்டது. மணிக்கட்டு கோணியிருந்தது. நான் கண்ணைத் திறக்க முடியாமல் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாம்மா ஆச்சு? எப்பிடி வுழுந்தீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"அக்கா பெட்டிய நகத்தினாங்க. வண்டி ஆடிடுச்சி."

யோசிக்கக்கூட இல்லை. அவ்வளவு எளிதாக வாயிலிருந்து வந்தது.

அக்காவுக்கு மணிக்கட்டில் எலும்பு முறிந்திருந்தது. ஆறு வாரம் கட்டு. மரவள்ளி பிடுங்குகிற சமயம். வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் உட்கார்ந்தார். அவர் கணவர் போகிற வருகிறவர்களிடமெல்லாம், "ஒரு பொட்டிய ஒழுங்கா வெச்சிக்கினு ஒக்கார தெரில இவளுக்கு. நர்ஸம்மாவ கீழ தள்ளிட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பார்க்கப் போனபோதும் என் எதிரிலேயே சொன்னார். அக்கா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். வாங்கிப் போன ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன்.

விழுந்த அன்றே மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிட்டேன். மூன்று வேளையும் மணி பார்த்துப் போட்டேன். ஒவ்வொரு தடவை அதைப் பிதுக்கி எடுக்கும்போதும் அக்காவின் கை ஞாபகம் வந்தது. அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையை விடாமல் விழுங்கியிருக்கலாம். இதில் எந்தக் கஷ்டமும் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

கட்டுப் பிரித்தபின் அக்கா வேலைக்கு வந்தார். அன்று பிரஷர் மாத்திரை கொடுக்கிற நாள். ஒரு பெரியவருக்கு அளவு எகிறியிருந்தது. "நல்லாத்தான இருக்கேன்னு நிறுத்திப்புட்டேன்" என்றார். வழக்கமாக என்றால் நான் கத்தியிருப்பேன். அன்று குனிந்து மாத்திரை அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பதிவேட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு அக்காதான் அவரைத் திட்டினார்: "மாத்திரை போட்டதாலதான நல்லா இருந்தீங்க? அம்மா எத்தினி வாட்டி சொல்லிக்கிறாங்க!"

எல்லோரும் போனபின் கதவைச் சாத்திவிட்டு அக்காவிடம் சொன்னேன். வியாதி, விட்டுப்போன மாத்திரை, காலையிலேயே அடைத்த காது, எல்லாம். "நீங்க பெட்டிய நகத்தவே இல்லக்கா" என்றேன்.

அவர் பதிவேட்டை அலமாரியில் வைத்தார்.

"தெரியும்மா."

"எப்படிக்கா?"

"வண்டி கீழ கெடக்குது. ஆனா நீங்க தரைய புடிச்சிக்கினு 'நிறுத்து, நிறுத்து'ன்னு கத்திக்கினு இருந்தீங்க. தலை சுத்துதுன்னு அப்பவே தெரிஞ்சி போச்சி."

"அப்பறம் ஏன் நீங்க சொல்லல?"

"நீங்க ஒன்னு சொல்லி நான் ஒன்னு சொன்னா, யார் சொல்றது எடுபடும்?"

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலாம். மழை வரும்போல இருக்கிறது என்கிற மாதிரி சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அலமாரியைச் சாத்தினார். "எங்க வூட்டுக்காரர் கிட்ட நீங்களே வந்து சொல்லிடுங்க" என்றார்.

அன்று சாயங்காலமே போனேன். வாசலில் நின்றபடியே சொன்னேன். அவர் கணவர் முதலில் நம்பவில்லை. மனைவியைக் காப்பாற்ற நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்தார். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. புரிந்ததும் என்னைப் பார்க்கவில்லை. மனைவி பக்கம் திரும்பி, "நீயாவது எங்கிட்ட சொல்லிருக்கலாம் இல்ல" என்றார். அக்கா உள்ளே போய்விட்டார்.

மறுநாள் மருத்துவ அலுவலரிடமும் சொன்னேன். திட்டினார், எழுதி வாங்கிக்கொண்டார், ஆனால் வேலையை விட்டு எடுக்கவில்லை. கிராமங்களுக்கு வேறு யாராவது வண்டியோட்ட, நான் பின்னால் உட்கார்ந்து போவதாக ஏற்பாடு. கீழிருந்து வருவதற்குக் கச்சிராயபாளையம் வழியாகப் பஸ். நான் பயந்த மாதிரி யாரும் குழந்தையை மறைத்துக்கொள்ளவில்லை. "சுத்தல் எப்பிடி இருக்குது நர்ஸம்மா?" என்று கேட்டுக்கொண்டே மடியில் கொடுக்கிறார்கள்.

இப்போது மதியத்துக்கு டப்பாவில் இரண்டு இட்லி எடுத்துப் போகிறேன். அதைத் தின்றுவிட்டு மாத்திரை. வருடத்தில் ஓரிரு தடவை லேசாகச் சுற்றும், படுத்தால் சரியாகிவிடும். இடது காதில் கேட்பது மட்டும் மந்தமாகிவிட்டது.

அக்கா இன்னமும் என்னோடுதான் வேலை செய்கிறார். முன்புபோல வீட்டுக் கதைகள் சொல்வதில்லை. அவருக்கு மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது. ஈரத் துணியை முறுக்கிப் பிழிய வராது. நிலையத்தில் திரை துவைக்கிற நாளில் நானே முந்திக்கொண்டு பிழியப் போனேன். "வுடுங்கம்மா" என்று வாங்கி, சொட்டச் சொட்ட அப்படியே கொடியில் போட்டுவிட்டு, அன்றைக்குப் பார்க்க வேண்டிய வீடுகளுக்குப் போகப் பையை எடுத்துக்கொண்டார்.