புரூன் கதவு

சாம்சன்போ துறைமுகத்தில் படகுக்கு வண்ணம் வேண்டுமென்றால் தொக்சுவிடம்தான் வருவார்கள். நிறத்தை அடர்த்தியாக்க அவன் கறுப்பைத் தொட்டதே இல்லை. கறுப்பு விழுந்தால் நிறம் செத்துப்போகும், கரி பூசின மாதிரி ஆகிவிடும் என்பான். நீலத்துக்கு ஒரு சொட்டு செங்காவி, பச்சைக்கு ஒரு சொட்டு சிவப்பு. ஒவ்வொரு சொட்டுக்கும் தகர மூடியில் ஒரு கோடு இழுத்து, வெயிலில் காயவைத்துப் பார்த்த பிறகுதான் அடுத்த சொட்டு. ஈரத்தில் தெரிகிற நிறத்தை அவன் நம்பமாட்டான். அந்தக் கரை முழுக்க அவனைப்போலக் கலக்க ஆளில்லை என்று பூசானில் இருக்கும் அவன் அக்கா எல்லாரிடமும் சொல்வாள். அது பொய்யில்லை.

மனைவி இறந்த பிறகு சாயங்காலச் சாப்பாடு ஒக்சன் கடையில். அந்த ஊரில் மீன் குழம்பை இரண்டு பேருக்குக் குறைவாக எந்தக் கடையிலும் வைப்பதில்லை. அதனால் தொக்சு தனியாக உட்கார்ந்து இரண்டு பேர் குழம்பு வாங்குவான். ஒக்சனும் வழக்கப்படி இரண்டு கரண்டி வைப்பாள். எதிர்க் கரண்டி நனையாமல் திரும்பிப் போகும்.

"எதிர்ல யாருண்ணே, கண்ணுக்கே தெரியல?" என்பார்கள் பக்கத்து மேசை மீனவர்கள்.

"கொஞ்சம் வெக்கப்படுற ஆளு" என்பான் தொக்சு.

ஒக்சனுக்கும் யாரும் இல்லை. மேசை அடுப்பில் குழம்பு கொதிக்கும்வரை நின்று பேசுவாள், உட்காரமாட்டாள். ஒரு நாளாவது அவளை அந்த எதிர் இடத்தில் உட்காரச் சொல்ல வேண்டும் என்பதுதான் தொக்சுவின் மனசில் கிடந்தது. நீ கேட்கிறாயா, நான் பஸ் ஏறி வந்து கேட்கவா என்று அக்கா போனில் மிரட்டிக்கொண்டிருந்தாள்.

பனிக்காலம் முடிந்ததும் ஒக்சன் கடைக்கதவுக்கு வண்ணம் பூசக் கேட்டாள். புரூன் நிறம் வேண்டும், வெளுப்பாக வேண்டாம், நல்ல அடர்த்தியாக என்றாள். கூலி வேண்டாம், ஒரு வேளை எதிரே உட்கார்ந்து சாப்பிட்டால் போதும் என்று பூசி முடித்ததும் சொல்லிவிடுவதாக தொக்சு முடிவு செய்தான். தீவுகளைத் தாண்டினால் தெரிகிற ஆழ்கடல் நீலம் வரும்வரை சொட்டுச் சொட்டாகக் கலந்தான். பூசினான்.

ஒக்சன் வெளியே வந்து பார்த்தாள். "என்னங்க பெயிண்டுக்காரரே, கடலாட்டம் இருக்கு?"

"புரூன்னுதானே சொன்னீங்க."

"புரூன்னா மலைங்க. எங்க ஜிரி மலை, மழை விட்டதும் இருக்குமே, அது."

அவர்கள் பேச்சில் புரூன் என்றால் நீலமும்தான், பச்சையும்தான். துறைமுகத்தில் பிறந்தவனுக்கு அது கடல். இத்தனை வருஷம் அவள் வைத்த மீனைத் தின்றவன், அவள் மலைக்காரி என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டான். இதுவும் புரூன்தானே, இருக்கட்டும் என்று அவள் சொன்னாள். கூலியைப் பற்றிச் சொல்ல வைத்திருந்தது அவன் வாயில் வரவில்லை.

ஆனாலும் நீலம் காய்ந்ததும் அவன் பச்சையைக் கலக்க உட்கார்ந்தான். அந்த மலையை மழை விட்ட நேரத்தில் அவன் பார்த்ததில்லை. மூடியை அவளிடமே காட்டினான். இன்னும் என்றாள். இன்னும் கொஞ்சம் என்றாள். கடைசிக் கோட்டைப் பார்த்ததும் மூடியைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். தொக்சுவுக்குப் புரிந்தது. அதையே பூசினான்.

அன்று சாயங்காலம் படகுகள் சேர்ந்தாற்போல் கரையேறின. கடையில் நிற்க இடமில்லை. தொக்சு தன் இடத்தில் உட்கார்ந்து, குழம்பு கொதிக்கும்வரை சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். ஒக்சன் வேர்வையோடு வந்தாள். வந்தவள் எதிர்க் கரண்டியை எடுத்தாள்.

"அந்த மேசைக்கு ஒண்ணு குறையுது. இது உங்களுக்கு வேண்டாந்தானே?"

"வேண்டாம்" என்றான் தொக்சு.

அவள் போய்விட்டாள். அவன் சாப்பிட்டான். கதவின் உள்விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்கு நீலத்தை அவன் மூடாமல் விட்டிருந்தான். அவன் உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால்தான் அது தெரியும்.