டிக்கியோடு போன பலாப்பழம்

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில் புதூர்நாடு பக்கம். சென்னையில் இருக்கும் மகளுக்காக ஒரு பலாப்பழம் கொண்டுபோனேன். பேருந்தை விட்டு இறங்கியதும் அவள் போனிலேயே டாக்சி பிடித்துக் கொடுத்தாள். வீட்டு வாசலில் வாடகையைக் கொடுத்துவிட்டு நான் பின்பக்கம் போவதற்குள், டிக்கியில் இருந்த பழத்தோடு டிரைவர் வண்டியைக் கிளப்பிப் போய்விட்டான்.

மகள் போன் செய்தால், "டிக்கில ஒண்ணுமே இல்லம்மா" என்று சாதித்தான். போனை வாங்கி நிதானமாகப் பேசினேன்.

"இல்லன்னா சந்தோசம் தம்பி. காட்டுப்பன்னிக்கு மருந்து வெச்ச பழத்த மாத்தி எடுத்தாந்துட்டேன். யாரும் தின்னுடக் கூடாதேன்னுதான் கேக்குறேன்."

சற்று நேரத்தில் அதே டாக்சி வாசலில் நின்றது. அறுத்த பழத்தோடு இறங்கியவனுக்குச் சட்டையெல்லாம் வியர்வை.

"நாலு சுளை தின்னுட்டேம்மா. இப்ப இன்னா பண்றது?"

கையிலிருந்த காபியைக் குடித்து முடிக்கும்வரை அவனை நிற்க வைத்தேன். பிறகு அந்தப் பழத்திலேயே ஒரு சுளையைப் பிய்த்து, அவன் கண்ணெதிரே மெதுவாகத் தின்றேன்.

இப்போதெல்லாம் சாமான் கைக்கு வந்த பிறகுதான் டாக்சிக்கு வாடகை கொடுக்கிறேன். அதையும் மீறி எவனாவது கிளம்பினால், பன்னி மருந்து இருக்கவே இருக்கிறது.