மரங்களுக்குள் போன பந்து

இன்று வக்குவா மைதானத்தில் என் முதல் கோல்ஃப் போட்டி. இருபுறமும் அடர்ந்த மரங்கள், நடுவே ஒடுங்கலான புல்வெளி. போதாததற்குத் தூறல் வேறு.

எதிராக ஆடியவர் பக்கத்து ஊரான காத்ர் போர்னில் பல் மருத்துவம் பார்க்கும் சரோஜினி அக்கா. கடைசிக் குழிவரை இருவரும் சமம். அங்கே நான் அடித்த பந்து மரங்களுக்குள் போய் மறைந்தது.

விதிப்படி கொஞ்ச நேரம்தான் தேடலாம். அக்காவின் பந்தோ புல்வெளி நடுவில் அழகாகக் கிடந்தது. அவர் சும்மா நின்றிருந்தாலே வென்றிருப்பார். ஆனால் குடையைப் போட்டுவிட்டு, ஈர வேர்களுக்கிடையே மண்டியிட்டுத் தேடினார்.

"விடுங்க அக்கா, நான் தோத்துட்டேன்."

"பா த்ராகாசே! கவலைப்படாதே, இதோ இருக்கு உன் பந்து. வந்து அடி."

அடித்தேன். இரு மரங்களுக்கு இடையே புகுந்து பந்து வெளியே வந்தது. கடைசியில் நானே ஜெயித்தேன்.

கைகுலுக்கும்போது கேட்டேன். "ஏன் அக்கா தேடிக் கொடுத்தீங்க?"

"உன் பந்து தொலைஞ்சதால ஜெயிச்சேன்னு வீட்டுல போய்ச் சொல்ல முடியுமா?" முழங்கால் சேற்றைத் தட்டிக்கொண்டே சிரித்தார்.

மேர்சி, ரொம்ப நன்றி அக்கா. கோப்பையில் பாதி உங்களுடையது என்றால் கேட்க மாட்டேன் என்கிறார். நண்பர்களே, கோப்பையை எப்படிப் பாதியாக்குவது?